நண்பர்களுக்குச் சொன்னது ஊருக்குச் சொன்னதாகுமா?

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சமூக வலைத்தளங்களில் தனியுரிமையை எதிர்பார்க்கலாமா என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இந்தக் கேள்விக்கு ஒரு நீதிமன்றத்தில் ஒளிவுமறைவில்லாமல் ஒரு பதில் சொல்லப்பட்டிருக்கிறது. சொன்னவர் ஃபேஸ்புக் நிறுவனத்தின் வழக்கறிஞர். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2019 மே மாதம், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம். அரசியல் விளம்பரம் செய்யும் நிறுவனமான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவின் விவகாரத்தில் தங்கள் தகவல்கள் கைமாறிப் போனதாக ஃபேஸ்புக் பயனர்கள் தொடுத்த வழக்கு, கூட்டாட்சி மாவட்ட நீதிபதி வின்ஸ் சாப்ரியாவின் முன் வந்தது. வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்ட நிறுவனத்தின் வழக்கறிஞர் வைத்த வாதம் இது: இங்கே தனியுரிமை மீறப்பட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் அங்கே தனியுரிமை என்று ஒன்று இருக்கவே இல்லை. நூறு நண்பர்களுக்கு நீங்களே ஒன்றைக் காட்டிவிட்ட பிறகு, அது என் அந்தரங்கம் என்று நீங்கள் எப்படிச் சொல்ல முடியும்?

அதே ஆண்டு செப்டம்பரில் நீதிபதி தீர்ப்பளித்தார். இந்த வாதம் முழுக்கத் தவறு என்றார். குறிப்பிட்ட சிலரோடு ஒன்றைப் பகிர்ந்துகொண்டவர், அந்தச் சிலரைத் தாண்டி அது போகக் கூடாது என்று கேட்கும் உரிமையை இழந்துவிடுவதில்லை என்றார். வழக்கு தொடர்ந்தது. கடைசியில் 2022 டிசம்பரில் 72.5 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

நான் அந்த நீதிபதியின் பக்கம் நிற்கிறேன். சிலரிடம் சொன்னது எல்லோரிடமும் சொன்னதாகாது. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். ஆனால் இதை நிலைநாட்டக் கொஞ்சம் தூரம் போக வேண்டியிருக்கிறது. காரணம், அந்த வழக்கறிஞரின் வாதத்தை நாமே நம் வீடுகளில் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். “உன்னை யார் போட்டோ போடச் சொன்னது?” “போட்டுட்டு அப்புறம் புலம்புறதுல என்ன பிரயோஜனம்?” ஒரு பெண்ணின் படத்தை எவனோ எடுத்துக் கெடுத்துப் பரப்பிவிட்டான் என்ற செய்தி வந்ததும், அவனைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே நம் வாயில் வருகிற சொற்கள் இவை.

அந்த வழக்கில் என்னதான் நடந்தது என்று பார்ப்போம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் கோகன் என்ற உளவியல் ஆய்வாளர், உங்கள் குணம் எப்படிப்பட்டது என்று சொல்லும் ஒரு செயலியை ஃபேஸ்புக்கில் விட்டார். ஏறக்குறைய 2.7 லட்சம் பேர் அதை நிறுவினார்கள். ஆனால் 8.7 கோடி பேர் வரையிலானோரின் தகவல் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே பின்னால் ஒப்புக்கொண்டது. செயலியை நிறுவியவரின் தகவலோடு அவருடைய நண்பர்களின் தகவலையும் எடுத்துக்கொள்ள அன்றைய ஃபேஸ்புக் வழி திறந்துவிட்டிருந்தது. இந்தியக் கணக்கு இன்னும் உறைக்கும். நம் நாட்டில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் வெறும் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக் கூடியவர்கள் என்று நிறுவனம் சொன்ன எண்ணிக்கை 5,62,455.

அந்த ஐந்தரை லட்சம் பேரில் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் எந்தச் செயலியையும் தொடவில்லை, எந்த ஒப்புதலையும் அழுத்தவில்லை. தன் பிறந்த நாளையும் ஊரையும் பிடித்த பக்கங்களையும் நண்பர்களுக்காக எழுதி வைத்திருந்தார், அவ்வளவுதான். பள்ளியில் கூடப் படித்த ஒருவர் பொழுதுபோகாமல் ஒரு வினாடி வினாவைத் திறந்தார். இவருடைய தகவலும் அந்தச் செயலியை விட்ட ஆய்வாளரின் கைக்குப் போயிருக்கக் கூடும். “உன்னை யார் போடச் சொன்னது” என்று இவரைப் பார்த்துக் கேட்க முடியுமா?

இந்த வழக்குக்குப் பத்தாண்டுகளுக்கும் முன்னால் நடந்த இன்னொரு நிகழ்ச்சி எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் ‘நியூஸ் ஃபீட்’ என்ற வசதியைக் கொண்டுவந்தது. அதுவரை ஒரு நண்பர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க அவருடைய பக்கத்துக்கு நாமே போக வேண்டும். இனிமேல் அவர் செய்வதெல்லாம் உடனுக்குடன் எல்லா நண்பர்களின் முகப்புக்கும் தானாக வந்துவிடும். புதிதாக ஒரு தகவல்கூட வெளிவரவில்லை, யார் எதைப் பார்க்கலாம் என்ற எல்லையும் மாறவில்லை. அப்படியிருந்தும் சில நாள்களுக்குள் பல லட்சம் பயனர்கள் எதிர்ப்புக் குழுவில் சேர்ந்தார்கள். நிறுவனர் மார்க் சக்கர்பெர்க் முதலில் பதற்றம் வேண்டாம் என்று எழுதினார், பிறகு மன்னிப்புக் கேட்டார்.

அந்தப் பயனர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது. தேடி வந்து பார்ப்பவனுக்குத் தெரிவதும், ஒரு காதல் முறிந்த செய்தி நானூறு பேருக்கு ஒரே நொடியில் அறிவிக்கப்படுவதும் ஒன்றாகாது. தகவல் அதேதான், ஆனால் அது போகும் வழி மாறிவிட்டது. ஹெலன் நிசென்பாம் என்ற அறிஞர் 2010இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விரிவாக வாதிடுகிறார்: ஒரு தகவல் எந்தச் சூழலில் தரப்பட்டதோ அந்தச் சூழலின் முறைக்குள் அது ஓடுகிறவரை தனியுரிமை காக்கப்படுகிறது, முறை மீறி ஓடும்போது குலைகிறது. மருத்துவரிடம் சொல்லும் நோய், வங்கியில் சொல்லும் கடன், தோழியிடம் சொல்லும் கண்ணீர், இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை இருக்கிறது. அந்த முறை யாரும் எழுதிவைக்காமலேயே நம் எல்லோருக்கும் தெரியும்.

மக்களுக்கு இது தெரியும் என்பதற்குச் சான்று தேடி எங்கும் போக வேண்டாம். உங்கள் கைபேசியில் வாட்ஸ்அப்பைத் திறந்து, தொடர்பில் இருக்கும் பெண்களின் டி.பி.யை வரிசையாகப் பாருங்கள். ஒரு செம்பருத்திப் பூ. ஒரு குழந்தையின் பாதம். முருகன் வேல். மார்கழிக் கோலம். ஒரு நடிகையின் படம். கணவனும் பிள்ளைகளும் இருக்கும் குடும்பப் படம். முகம் தெரியாமல் பின்னால் இருந்து எடுத்த ஒன்று. சொந்த முகம் எத்தனை பேருடையது? பிறகு ஸ்டேட்டஸ் பக்கம் போங்கள். யார் யார் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் எவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறார்கள் தெரியுமா? கல்லூரிச் சுற்றுலாப் படம் பெரியப்பா வீட்டுக்குத் தெரியாது. விடுப்பு எடுத்த நாளின் படம் அலுவலக மேலாளருக்குத் தெரியாது. பெண் பார்க்க வந்த வீட்டார் எண்ணைச் சேமித்த அன்றே அவர்களுக்கும் மறைக்கப்பட்டுவிடும். தனியுரிமையைப் பற்றிக் கவலையே இல்லாத தலைமுறை என்று இவர்களைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் உட்கார்ந்து ஆள் பிரிக்கிற இவர்களைவிட அதிகம் கவலைப்பட்ட தலைமுறை எது?

இந்தப் பூப்படங்களின் பொருள் ஃபேஸ்புக்குக்கும் தெரிந்திருந்தது. இந்தியப் பெண்கள் பலர் படம் தவறாகப் பயன்படும் என்ற அச்சத்தில் தங்கள் முகத்தை வைப்பதில்லை என்று அறிந்து, 2017இல் சுயவிவரப் படத்துக்கு நீல விளிம்பும் கேடயக் குறியும் தரும் பாதுகாப்பு வசதியை முதலில் நம் நாட்டில்தான் அறிமுகப்படுத்தியது. படத்தைப் பதிவிறக்க முடியாது, பிறர் பகிர முடியாது. இப்படி ஒரு காவலைக் கொடுத்த அதே நிறுவனம்தான், இரண்டே ஆண்டுகள் கழித்து, எங்களிடம் தனியுரிமை என்று ஒன்று கிடையாது என்று நீதிமன்றத்தில் வாதிட்டது. பூட்டைக் கொடுத்து வரவழைத்த பிறகு, உள்ளே வந்தவரிடம் இங்கே கதவே கிடையாது என்று சொல்வதை ஏற்க முடியாது.

2018 ஏப்ரல் 10 அன்று அமெரிக்க செனட் விசாரணையில் டிக் டர்பின் என்ற உறுப்பினர் சக்கர்பெர்க்கிடம் ஒரு கேள்வி கேட்டார். நேற்றிரவு நீங்கள் தங்கிய ஹோட்டலின் பெயரை எங்களிடம் சொல்ல முடியுமா? சக்கர்பெர்க் சற்றுத் தயங்கிவிட்டு, முடியாது என்றார். இந்த வாரம் யாருக்கெல்லாம் செய்தி அனுப்பினீர்கள் என்பதைச் சொல்வீர்களா? அதையும் பொதுவில் சொல்ல விரும்பவில்லை என்றார். ஹோட்டல் பணியாளருக்கு அவர் எங்கே தங்கினார் என்று தெரியும். செய்தி பெற்றவர்களுக்கு அது வந்தது தெரியும். பலருக்குத் தெரிந்த ஒன்றைத்தான் அவர் அவையில் சொல்ல மறுத்தார். அவர் மறுத்தது சரிதான். அந்த உரிமை அவருடைய தளத்தில் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு என்பதுதான் என் வாதம்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? இங்கே நம் நாட்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது, அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1976இல் மில்லர் வழக்கு என்று ஒன்று வந்தது. வங்கியில் இருக்கும் உங்கள் கணக்கு விவரங்களை அரசு எடுத்தால் நீங்கள் குறை சொல்ல முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. காரணம், அந்த விவரங்களை நீங்களாகவே மூன்றாம் ஆளான வங்கியிடம் கொடுத்துவிட்டீர்கள். கொடுத்தபோதே உரிமையும் போயிற்று. 1979இல் தொலைபேசி எண்களுக்கும் இதே தர்க்கத்தை நீட்டினார்கள். 2019இல் ஃபேஸ்புக்கின் வழக்கறிஞர் பேசியது இந்த மரபின் மொழியில்தான். 2018இல் கைபேசி இருப்பிடத் தகவல் தொடர்பான கார்பென்டர் வழக்கில்தான் அந்த நீதிமன்றம் கொஞ்சம் பின்வாங்கியது.

நம் நாட்டில் இதே கேள்வி ஆந்திரத்திலிருந்து வந்தது. வங்கிகளில் இருக்கும் ஆவணங்களை மாவட்ட ஆட்சியர் அனுமதித்த எவரும் போய்ப் பார்க்கலாம், படியெடுக்கலாம் என்று முத்திரைத் தீர்வைச் சட்டத்தில் அம்மாநிலம் ஒரு திருத்தம் செய்திருந்தது. அதை எதிர்த்து வங்கிகள் வழக்காடின. கனரா வங்கி வழக்கு என்று அதைச் சொல்வார்கள். 2004இல் நம் உச்ச நீதிமன்றம் மில்லர் தீர்ப்பை எடுத்து அலசிவிட்டு, அதை ஏற்க மறுத்தது. தனியுரிமை மனிதருக்கு உரியது, இடத்துக்கு உரியதன்று. வாடிக்கையாளர் தன் வீட்டிலிருந்து ஓர் ஆவணத்தை எடுத்து வங்கியிடம் ஒப்படைத்தாலும் அதன் இரகசியம் அவருடையதாகவே தொடர்கிறது. இதுதான் தீர்ப்பின் சாரம். நம்பிக் கொடுத்தது நம்பிக்கைக்கு உட்பட்டே இருக்கிறது என்ற இந்தக் கொள்கை நம் சட்டத்தில் ஃபேஸ்புக் நம் ஊருக்கு வருவதற்கு முன்பே வந்துவிட்டது.

அதற்கும் பத்தாண்டு முன்னால் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று இருக்கிறது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை ‘நக்கீரன்’ வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994இல் வந்த ராஜகோபால் தீர்ப்பு பத்திரிகைக்குச் சாதகமானது. ஆனால் அதே தீர்ப்பு, தன் போக்கில் விடப்படும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவுக்குள் அடங்கியிருக்கிறது என்றும் சொன்னது. மூன்று கோடுகளை அது போட்டது. ஒருவரின் குடும்பம், திருமணம், தாய்மை, கல்வி போன்றவற்றை அவர் ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது. பொது ஆவணங்களில் ஏற்கெனவே இருப்பதை வெளியிடலாம், ஆனால் அதிலும் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது. அதிகாரிகள் தங்கள் அலுவல் தொடர்பான செயல்களை மறைக்க இந்த உரிமையைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

2017 ஆகஸ்ட் 24 அன்று வந்த புட்டசாமி தீர்ப்பு உங்களில் பலருக்குத் தெரிந்ததே. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, எண்பது வயதைக் கடந்த நிலையில், ஆதாருக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அது. தனியுரிமை அடிப்படை உரிமையே இல்லை என்று ஒன்றிய அரசு வாதிட்டது. ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அது அடிப்படை உரிமைதான் என்றார்கள். அவர்களில் ஒருவரான சஞ்சய் கிஷன் கௌல் அதற்குச் சில மாதங்கள் முன்புவரை நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர், பெருமாள்முருகன் வழக்கில் எழுத்தாளரின் பக்கம் நின்று தீர்ப்பெழுதியவர். நம் நண்பர்கள் யார் என்று ஃபேஸ்புக்குக்குத் தெரியும், நாம் எங்கே போகிறோம் என்று ஊபருக்குத் தெரியும் என்று அவர் தன் தீர்ப்பில் எழுதினார். அரசிடமிருந்து மட்டுமல்லாமல் தனியார் நிறுவனங்களிடமிருந்தும் இந்த உரிமை காக்கப்பட வேண்டும் என்பதே அவர் காட்டிய திசை.

சரி, அந்தத் தளம் அவர்களுடையது, இலவசமாகத் தருகிறார்கள், நிபந்தனைக்கு நாம் ஒப்புக்கொண்டுதானே நுழைந்தோம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வாடகை வீட்டில் குடியிருப்பவருக்கும் வீடு சொந்தமில்லை. அதற்காக வீட்டுக்காரர் நினைத்த நேரத்தில் படுக்கையறைக்குள் வரலாம் என்று நாம் ஒப்புக்கொள்வதில்லை. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி எழுதியிருந்தாலும் எந்த நீதிமன்றமும் அதை மதிக்காது.

ஒப்புதல் என்கிறார்களே, அதையும் பார்ப்போம். 2008இல் அலீசியா மெக்டொனால்ட், லோரி கிரேனர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஓர் அமெரிக்கர் தாம் ஓராண்டில் போகும் இணையதளங்களின் தனியுரிமைக் கொள்கைகளை எல்லாம் படித்தால் எவ்வளவு நேரமாகும்? ஏறக்குறைய 200 மணி நேரம். அதாவது முழுநேர வேலையில் ஐந்து வாரம். படிக்கவே முடியாத ஒன்றின் அடியில் பெறும் ஒப்புதலை ஒப்புதல் என்று சொல்வது சரியில்லை. படிக்கும்படி எளிமையாகக் கேட்டால் மக்கள் என்ன சொல்வார்கள் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2021இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோனில், இந்தச் செயலி உங்களைப் பிற செயலிகளிலும் தளங்களிலும் பின்தொடரலாமா என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்கச் செய்தது. பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். இதனால் அடுத்த ஆண்டில் ஏறக்குறைய 1,000 கோடி டாலர் வருவாய் குறையும் என்று ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் நிதித் தலைவரே சொன்னார். மக்களை நேராகக் கேட்காமல் இருந்ததன் விலை அது.

கொடுத்ததைப் பற்றி மட்டுமே இதுவரை பேசினேன். கொடுக்காததும் எடுக்கப்படுகிறது. மிகால் கோசின்ஸ்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2013இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 58,000 தன்னார்வலர்கள் ஃபேஸ்புக்கில் போட்ட லைக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒருவர் எந்தக் கட்சி ஆதரவாளர் என்று 85 விழுக்காடு அளவுக்குப் பிரித்தறிய முடிந்தது. தன்பால் ஈர்ப்புள்ள ஆண் யார் என்று 88 விழுக்காடு அளவுக்குப் பிரித்தறிய முடிந்தது. பெற்றோரிடமே சொல்லாத ஒன்றை ஒரு பாட்டுக்கும் ஒரு தின்பண்டத்துக்கும் போட்ட லைக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். “நீ ஏன் போட்டாய்” என்ற கேள்வி இங்கே செல்லாது, ஏனென்றால் அவர் போடவே இல்லை. ஆஸ்திரியாவின் மாக்ஸ் ஷ்ரெம்ஸ் 2011இல் சட்ட மாணவராக இருந்தபோது, என்னைப் பற்றி வைத்திருப்பதை எல்லாம் கொடுங்கள் என்று ஃபேஸ்புக்கிடம் கேட்டார். 1,200 பக்கத்துக்கு மேல் வந்தது. அவர் நீக்கிவிட்டதாக நினைத்திருந்த செய்திகளும் அதில் இருந்தன.

நிறுவனங்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. 2024 டிசம்பரில் சென்னையில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். துணிந்து புகார் கொடுத்தார். அவருடைய அடையாளம் அடங்கிய முதல் தகவல் அறிக்கை போலீஸ் இணையதளத்திலிருந்து வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகு அதைப் பரப்பியது யார்? போலீஸ் ஊர் ஊராகக் கொண்டுபோகவில்லை. குரூப்பிலிருந்து குரூப்புக்கு நம் விரல்கள்தான் கொண்டுபோயின. அநியாயத்தைக் கண்டிக்கிறோம் என்ற எண்ணத்திலேயே பலர் அனுப்பினார்கள், அந்தப் பெண்ணின் விவரங்கள் அதே பக்கத்தில் இருப்பதைப் பார்க்காமல். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர அரசுக்கு உத்தரவிட்டது. பொது ஆவணத்தில் இருந்தாலும் அந்தப் பெயர் வெளிவரக் கூடாது என்று 1994இலேயே தீர்ப்பு இருக்கிறது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவில் அதற்கு இரண்டாண்டு வரை சிறையும் உண்டு. அந்த மாணவி இதை வலைத்தளத்தில் போட்டவரில்லை. தனியுரிமை என்ற பேச்சில் தளத்துக்கு வெளியே இருப்பவரையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் குற்றவியல் சட்டத்திலேயே இந்த உரையின் கருத்து ஏற்கெனவே இருக்கிறது. 2013இல் சேர்க்கப்பட்டு, இப்போது அதே சன்ஹிதாவின் 77ஆவது பிரிவாக இருக்கும் சட்டத்தின் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். ஒரு பெண் தன்னைப் படமெடுக்க ஒருவருக்குச் சம்மதம் தந்திருக்கலாம். அதை மூன்றாம் ஆளுக்குக் காட்டச் சம்மதம் தராதபோது அவன் காட்டினால் அது குற்றம். எடுக்கத் தந்த சம்மதம் பரப்பத் தந்த சம்மதம் ஆகாது. இதைவிடத் தெளிவாக நான் சொல்ல முடியாது. படம் போடாதே என்று மகளுக்குச் சொல்வது பாதுகாப்புக்கான எச்சரிக்கை என்றால் அதில் தவறில்லை, நானும் சொல்கிறேன். ஆனால் தீங்கு நடந்த பிறகு அதே சொல்லைத் தீர்ப்பாகச் சொன்னால் குற்றவாளியின் வழக்கறிஞராக நாம் மாறிவிடுகிறோம்.

கடைசியாக ஒன்று. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசாமல் என்னால் முடிக்க முடியாது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம், 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் கண்காணித்து விளம்பரம் காட்டத் தடை என்று நல்ல பகுதிகள் அதில் உண்டு. ஆனால் 3ஆவது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தகவலுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. சமூக வலைத்தளத்தில் தன் கருத்தை எழுதும் ஒரு பெண்ணையே சட்டம் எடுத்துக்காட்டாகவும் தருகிறது.

இதன் விளைவை யோசியுங்கள். கிளியர்வியூ என்ற அமெரிக்க நிறுவனம் இணையத்தில் பொதுவாகக் கிடந்த முகப்படங்களைக் கோடிக்கணக்கில் அள்ளி, எந்த முகத்தைக் காட்டினாலும் ஆளைக் கண்டுபிடிக்கும் கருவியாக்கி விற்கிறது. படங்கள் பொதுவில்தானே இருந்தன என்ற சமாதானத்தை நெதர்லாந்து ஏற்கவில்லை. 2024இல் 3.05 கோடி யூரோ அபராதம் போட்டது. அதே வேலையை, நம் ஊர்ப் பெண் தானே போட்ட படத்தை வைத்து ஒரு நிறுவனம் செய்தால், நம் சட்டத்தைக் காட்டி அவர் எதையும் கேட்க முடியாது. நண்பர்களுக்கு மட்டும் என்று வைத்தவருக்காவது சட்டம் உண்டு. கடைக்கு விளம்பரம் வேண்டும், சங்கத்துக்கு ஆள் சேர்க்க வேண்டும் என்று பொதுவில் வைக்கும் தையற்காரப் பெண்ணுக்கும் தொழிற்சங்க ஊழியருக்கும் இல்லை.

இதே சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவுக்குள் இருந்த பொதுநலச் சோதனையை எடுத்துவிட்டது. தனிநபர் தகவல் என்று ஒரு வரி எழுதி ஓர் அதிகாரியின் விவரத்தை மறுப்பது இனி எளிது. ராஜகோபால் தீர்ப்பு போட்ட கோட்டை நினைத்துப் பாருங்கள். அதிகாரியின் அலுவல் வெளிச்சத்தில் இருக்க வேண்டும், குடிமகனின் வாழ்க்கை காக்கப்பட வேண்டும் என்றது அது. இந்தச் சட்டம் அந்த இரண்டையும் இடம் மாற்றி வைத்திருக்கிறது. போதாததற்கு, தான் குறிப்பிடும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க 17ஆவது பிரிவில் ஒன்றிய அரசுக்கு அதிகாரமும் இருக்கிறது. சமூக வலைத்தளக் கணக்குகளோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே மனுப் போட்டார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அப்படி ஒரு கோரிக்கை நாளை சட்டமாகவே வந்தால் தடுக்க இந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று தேடினேன், எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

எனவே நான் கேட்பது 3ஆவது பிரிவில் ஒரு திருத்தம். தாமே வெளியிட்ட தகவல் என்றாலும், எந்த நோக்கத்துக்காக வெளியிட்டாரோ அதற்குப் பொருந்தாத வகையில் அதை எடுத்துத் தொகுப்பதும் விற்பதும் சட்டத்துக்கு உட்பட வேண்டும். செய்தியாளர்களையும் ஆய்வாளர்களையும் இது முடக்கிவிடும் என்ற அச்சம் நியாயமானது. அவர்களுக்கும், அதிகாரிகளின் அலுவல் தொடர்பான தகவல்களுக்கும் வெளிப்படையான விதிவிலக்கு வேண்டும். 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வாசகங்களையே அதற்கு எடுத்துக்கொள்ளலாம். 2027 மே மாதத்துக்கு முன் இதைக் கேட்டுவிட்டால் நிறுவனங்கள் தங்கள் ஏற்பாடுகளைச் செய்யும்போதே இதையும் சேர்த்துக்கொள்ள முடியும். நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்ப ஒரு மனுவை எழுதி, வாசலில் கையெழுத்துப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். படித்துப் பாருங்கள். மாற்ற வேண்டியது இருந்தால் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள், அடுத்த கூட்டத்துக்குள் திருத்திக் கொண்டுவருகிறேன். இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.